மாமி ஏன் கதவைத் தாண்டி வந்தா?

படம் போடுவது சுலபம். படம் முடிந்து லைட்டைப் போட்ட பிறகு மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு, 'இப்ப உங்கட கருத்துகளைச் சொல்லலாம்' என்று நிற்பதுதான் தொழில். நான் அந்தத் தொழிலில் இருக்கிறேன். மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் ஊரூராகப் போய், வெள்ளைத் துணி கட்டி, உள்ளூர்ப் பிள்ளைகள் எடுத்த குறும்படங்களைக் காட்டி, பிறகு சனத்தோடு கலந்துரையாடுகிற ஒரு சிறிய திரைப்பட வட்டத்தின் நெறியாளர் நான். புரொஜெக்டர் தூக்குபவரும் நான்தான். அழைப்பிதழில் அதைப் போடுவதில்லை.

வீட்டில் ரீவி பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவர், 'இவன் ஏன் இப்ப அழுறான்?' என்று கேட்டிருப்பார். நீங்கள் விளக்கம் சொல்லத் தொடங்கியிருப்பீர்கள். சொல்லி முடிப்பதற்குள் அவன் சிரித்துக்கொண்டிருப்பான், அது ஏன் என்று உங்களுக்கே தெரியாமல் போயிருக்கும். அந்த அவஸ்தை தெரிந்தவர்கள்தான் எனக்கு உறவு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என்னை ஆட்டிவைத்த படத்தின் கதை சின்னது. மனைவி வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போய்விட்டாள். வீட்டில் மாமியும் மருமகனும் மட்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளைதான் அங்கே குடிவருவார். ஆகவே மாமியும் மருமகனும் காலம் முழுக்க ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள், ஆனால் நேருக்கு நேர் கதைக்க மாட்டார்கள். மாமி கதவுக்குப் பின்னால் நின்று, 'அவருக்குத் தேத்தண்ணி வேணுமா எண்டு கேள் புள்ள' என்று மகளிடம் சொல்லுவா. அவர் எட்டித் தொடும் தூரத்தில் இருந்துகொண்டு, 'வேணாம் எண்டு சொல்லு' என்பார். மகள் யாருக்கும் எதுவும் சொல்லாமல் தன் வேலையைப் பார்ப்பாள். இப்போது பல வீடுகளில் இந்த வழக்கம் தளர்ந்துவிட்டது. தளராத வீடுகளில் கொஞ்சமும் தளரவில்லை. படத்தில் மகள் இல்லாதபடியால் மாமி கோழியோடு கதைக்கிறா: 'சோறு மூடிக் கிடக்கு, கோழி.' மருமகன் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறான்.

ஒருநாள் அவனுக்குக் காய்ச்சல். மாமி கதவடியில் நின்று தயங்குகிறா. பிறகு வெளியே வருகிறா. பக்கத்தில் குந்தி, கஞ்சி ஊட்டுகிறா. அவன் திடீரென்று அவவின் மணிக்கட்டைப் பிடிக்கிறான். கண்ணில் நீர். அவ கையை இழுக்கவில்லை. கரண்டியைத் தன் வாயருகே கொண்டுபோய் மெதுவாக ஊதுகிறா. அவ அவனைப் பார்க்கிறா, அவன் அவவைப் பார்க்கிறான். அடுத்தது வாவி. அதற்கடுத்து 'நன்றி' என்று எழுத்துப் போகிறது. அது என்ன பார்வை, அது என்ன பிடி என்று உலகம் முழுக்க என்னைத்தான் கேட்டது. படத்தை எடுத்த சுகிர்தனைக் கேட்டால், 'படைப்பாளி விளக்கம் சொல்லக் கூடாது அண்ணன்' என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு முறையும் தேத்தண்ணிக் கடைக்குப் போய்விடுவான்.

கடைச் சோறு

முதல் காட்சி மட்டக்களப்பு டவுனில். மாமியாக நடித்த மங்கையக்கா அமிர்தகழியில் முன்பள்ளி ஆசிரியை. அதற்கு முன் நடித்ததில்லை. அவவுடைய தெருவே திரண்டு வந்திருந்தது. சொந்த மருமகன் ஜெயந்தனும் வந்திருந்தான். ஓட்டோ ஓடுபவன், நல்ல பொடியன், வாய் பேசாதவன். பின்னால் சுவரோடு சாய்ந்து நின்று பார்த்தான். கஞ்சிக் காட்சி வந்ததும் விறுவிறென்று வெளியே போனான். ஓட்டோ ஸ்டார்ட் ஆகும் சத்தம் மண்டபத்துக்குள் எல்லோருக்கும் கேட்டது.

அடுத்த நாளிலிருந்து அவன் வீட்டில் சாப்பிடவில்லை. கடையில் பார்சல் எடுத்து, வாவிக் கரையில் ஓட்டோவை நிறுத்தி, அதற்குள் இருந்தே சாப்பிட்டான். எங்கள் ஊரில் மாமி வீட்டில் இருக்கும் மருமகன் கடைச் சோறு தின்றால், மாமியின் மானத்தை நடுறோட்டில் பாய் போட்டுப் படுக்க வைத்த மாதிரி. தெரு தானாக ஒரு விளக்கத்தை எழுதிவிட்டது. அதை நான் இங்கே எழுத மாட்டேன். மகள் தர்சினி கேட்டால் அவன், 'ஒண்டுமில்ல' என்கிறான். மாமி நேரே கேட்கவும் வழியில்லை, ஐந்து வருடமாகப் பேசாத மனிசரிடம் முதல் கேள்வியாக இதையா கேட்பது? தர்சினி அழுத கண்ணோடு திரிந்தாள். மங்கையக்கா எனக்குப் போன் எடுத்தா.

"ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்றீங்கதானே தம்பி, என்ர வீட்டில இருக்கிற ஒரு மனிசனுக்கும் சொல்லுங்கவன், அந்தக் காட்சியில ஒண்டுமில்ல எண்டு."

கொழும்பில் கோழி

அந்தப் பொறுப்பை நான் விளையாட்டாக எடுக்கவில்லை. போகிற இடமெல்லாம் சனம் சொல்வதைக் கேட்டு, அதில் மிகச் சிறந்த விளக்கத்தை ஜெயந்தனுக்குக் கொண்டுபோவது என்று முடிவெடுத்தேன். நல்ல வேளையாகக் கொழும்பிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. குளிரூட்டிய மண்டபம், மெத்தை வைத்த கதிரை, படித்த சபை. இங்கே தெளிவு கிடைக்கும் என்று நினைத்தேன்.

கஞ்சிக் காட்சியில் யாரும் மூச்சுக்கூட விடவில்லை. லைட் போட்டதும் எல்லாக் கேள்வியும் கோழியைப் பற்றி. 'முதுமையில் வரும் மறதி நோயை இவ்வளவு மென்மையாக யாரும் காட்டியதில்லை' என்று ஒரு பெரியவர் எழுந்து என் கையைக் குலுக்கினார். நான் எங்கள் வழக்கத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, அந்த வழக்கத்தால்தான் அவவுக்கு நோய் வந்தது என்று முடிவு கட்டினார்கள். முன்வரிசை அம்மா ஒருவர், 'எங்கட மாமிக்கும் உப்பிடித்தான் தொடங்கினது, நீங்கள் ஏன் கடைசிவரைக்கும் ஒரு டொக்டரையும் காட்டேல்லை?' என்று கோபித்தா.

ரயிலில் திரும்பி வரும்போது யோசித்தேன். பிழையான விளக்கம்தான், ஆனால் பாதுகாப்பான விளக்கம். சித்தம் கலங்கிய ஒரு மாமியின் பாத்திரம் என்று சொல்லிவிட்டால் எந்த மருமகனுக்கும் கோபம் வராது. வழியிலிருந்தே மங்கையக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"எனக்கு விசர் எண்டு சொன்னா அவர் வந்து சாப்பிடுவாரா தம்பி? விசர் மாமி காய்ச்சின சோத்த ஆர் தின்னுற?"

படுவான்கரையில் ஒரு கால்

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையில் அறுவடை முடிந்த கையோடு படம் போட்டோம். வயல் வட்டையிலிருந்து நேரே வந்தவர்கள், சாரத்தில் வைக்கோல் ஒட்டியபடியே உட்கார்ந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கோழிக்கு இங்கே விளக்கம் தேவைப்படவில்லை. கோழி வந்த இடமெல்லாம் சிரிப்புத்தான், தங்கள் வீட்டுக் கோழியைப் பார்த்த மாதிரி.

கைப்பிடிக்கும் காட்சிக்கு நான் பெரிய உரை தயாரித்து வைத்திருந்தேன். சபை அதுவரை காத்திருக்கவில்லை. மாமியின் கால் நிலைப்படியைத் தாண்டி வெளியே வந்ததும் மண்டபம் முழுக்க, 'ஆ!' என்று ஒரு சத்தம். ஒரு தாய் தன் மகளின் கண்ணைப் பொத்தினா. கையைப் பிடித்தபோது ஒரு சத்தமும் இல்லை. அதற்குள் எல்லோரும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். முன்னால் இருந்த போடியார் ஒருவர், பத்து வேலி காணி வைத்திருப்பவரின் குரலில், எழும்பாமலே சொன்னார்: 'கையப் புடிச்சவன் காய்ச்சக்காரன், தம்பி. அவனுக்குச் சுயபுத்தி இல்ல. வெளிய வந்த மனிசிக்கும் காய்ச்சலா?'

ஆண்கள் பக்கம் தலையாட்டியது. எனக்கு மைக் கனத்தது. இதைக் கொண்டுபோய் ஜெயந்தனிடம் சொன்னால் ஓட்டோவிலேயே குடியிருப்பான். அப்போது பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. போடியாரின் மனைவிதான் என்று பிறகு தெரிந்தது. அவவும் எழும்பவில்லை, கணவரைப் பார்க்கவும் இல்லை.

"அப்ப அவன் கிடந்து சாகட்டும், அவ உள்ளுக்க இருந்து கோழிக்கிட்டச் சொல்லிக்கிட்டு இருக்கட்டும் எண்டு சொல்றீங்களாக்கும்?"

என் வீட்டில்

நானும் மனைவி வீட்டில் குடியிருப்பவன்தான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். என் மாமியும் தளராத கட்சி. கல்யாணமான நாளிலிருந்து அவவின் முகத்தை விட முந்தானையின் நுனியைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். விளக்கத்துக்கு ஊரூராக அலைகிறோமே, வீட்டிலேயே ஒரு நிபுணர் இருக்கிறாவே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தோன்றியது. மடிக்கணினியை விறாந்தையில் வைத்துப் படத்தைப் போட்டேன். மனைவி என்னோடு இருந்து பார்த்தாள். மாமி கதவிடுக்கால் பார்த்தா.

படம் முடிந்தது. மாமி என்ன நினைக்கிறா என்று மனைவியிடம் கேட்கச் சொன்னேன். மனைவி கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை, கதவு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பிறகு பதில் வந்தது, வழக்கம்போல மகளுக்கு.

"உன்ர புருசன் ஊரெல்லாம் போய் மைக்கில பறையிறார், வீட்டுக்கு வந்தா வாய் திறக்கிறாரில்ல, அந்தக் கோழியையாவது வாங்கிக்கிட்டு வரச் சொல்லு புள்ள."

கம்பஸில்

வந்தாறுமூலை கம்பஸ் பிள்ளைகள் எனக்கு மிகவும் பிடித்த சபை. கேள்வி கேட்பதற்கென்றே வருவார்கள், பதிலை எதிர்பார்க்க மாட்டார்கள். கஞ்சிக் காட்சியை இரண்டு தரம் போடச் சொன்னார்கள். பிறகு சண்டை தொடங்கியது. ஒரு கூட்டம், அது அடக்கப்பட்ட வேட்கை என்றது. மற்றக் கூட்டம், அது தாய்மையின் குறியீடு என்றது. கரண்டி எதன் குறியீடு, வாவி எதன் குறியீடு என்று போய், ஒரு மாணவன் கோழியை நிலமானிய சமுதாயத்தின் எச்சம் என்று நிறுவினான். நான் ஒவ்வொரு பக்கத்துக்கும் தலையாட்டிக்கொண்டு, தாய்மை என்ற பகுதியை மட்டும் மனதில் குறித்துக்கொண்டேன். ஜெயந்தனுக்குக் கொடுக்கக் கூடியது அதுதான்.

கடைசி வரிசையில் ஒரு பிள்ளை கையை உயர்த்தினாள். இவ்வளவு நேரமும் பேசாமல் இருந்தவள். அவளுடைய அம்மாவும் வெளிநாட்டில் வேலை செய்கிறவ என்று பிறகுதான் பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். அவள் கேட்டு முடித்ததும் நான் மைக்கை மேசையில் வைத்துவிட்டேன்.

"சேர், ரெண்டு பேரப் பத்தியுமே கதைக்கிறீங்க, அங்க வேலைக்குப் போன அந்த மனிசிக்குக் காய்ச்சல் வந்தா ஆர் கஞ்சி குடுக்கிற?"

ஏறாவூரில்

ஏறாவூரில் ஒரு நூலக மண்டபத்தில் போட்டோம். முஸ்லிம் ஊர் என்பதால் காட்சியைப் பார்த்து என்ன சொல்வார்களோ என்று சுகிர்தனுக்குப் பயம். அன்றைக்குப் படம் தொடங்குவதற்கு முன்னமே தேத்தண்ணிக் கடைக்குப் போய்விட்டான். ஆனால் கதவுக்குப் பின்னால் நிற்கும் மாமியைப் பார்த்ததுமே சபை கலகலத்தது. அவர்களுக்கும் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளை வருகிறவர்தான். 'இது எங்கட கதையல்லவா, இவங்க ஏன் பொட்டு வெச்சிருக்காங்க?' என்று யாரோ பின்னால் சொன்னார்கள்.

புடவைக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் எனக்கு உதவிக்கு வந்தார். மார்க்கச் சட்டப்படி மாமி தாய்க்குச் சமம், மருமகன் முன்னால் வருவதற்கு ஒரு தடையும் இல்லை என்று நிதானமாக, அழகாக விளங்கப்படுத்தினார். எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. தாய்க்குச் சமம்! இதுதான் நான் தேடிய விளக்கம் என்று அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. 'அப்படியென்றால் உங்கள் வீட்டில் மாமி உங்களோடு நேரே கதைப்பாவா?' என்று ஒரு கேள்வியை, சும்மா இருக்க மாட்டாமல், கேட்டுவிட்டேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"மார்க்கம் எப்பவோ சரி எண்டு சொல்லிட்டு சேர், எங்கட ஊட்டு மாமிதான் அத இன்னும் ஒத்துக்கல்ல."

பஸ்ஸில்

மருமகனாக நடித்த ரகு, கல்முனைப் பக்கம் ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். இத்தனை பேரைக் கேட்டேனே தவிர, கையைப் பிடித்தவனைக் கேட்கவில்லை என்று ஒருநாள் அவனுடைய பஸ்ஸில் ஏறியபோதுதான் உறைத்தது. புட்போர்டில் தொங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றியபடியே அவன் கதை சொன்னான்.

மணிக்கட்டைப் பிடிப்பது சுகிர்தன் சொல்லிக் கொடுத்தது இல்லையாம். கஞ்சி அப்போதுதான் அடுப்பால் இறக்கியது. உண்மைக் கஞ்சி. முதல் கரண்டியிலேயே நாக்கு வெந்துபோய்க் கண்ணால் தண்ணீர் வந்திருக்கிறது. அடுத்த கரண்டி வருவதைக் கண்டு, உயிருக்குப் பயந்து கையைப் பிடித்திருக்கிறான். மங்கையக்காவுக்கு அப்போதுதான் விளங்கி, கரண்டியை ஊதியிருக்கிறா. சுகிர்தன், 'கட்' சொல்ல மறந்து அழுதுகொண்டிருந்தானாம். நான் தலையில் கைவைத்தேன். வேட்கையும் இல்லை, தாய்மையும் இல்லை. கொழும்பும் கம்பஸும் படுவான்கரையும் அடித்துக்கொண்டது ஒரு வெந்த நாக்குக்காக. இதை வெளியே சொன்னால் திரைப்பட வட்டத்தை மூடிவிட்டு நானும் பஸ்ஸில் தொங்க வேண்டியதுதான்.

"அந்தப் பார்வ, 'இன்னொரு கரண்டி வெச்சா ஒழும்பி ஓடிருவன்' எண்டு பாத்த பார்வ அண்ணன்."

கடைசி விளக்கம்

ஆனாலும் ஜெயந்தனுக்குச் சொல்ல இதைவிட நல்ல சேதி இருக்க முடியாது. ஒரு பின்னேரம் மடிக்கணினியோடு அமிர்தகழிக்குப் போனேன். தர்சினி அவனை எப்படியோ பிடித்து விறாந்தைக் கதிரையில் இருத்தி வைத்திருந்தாள். ஆள் மெலிந்திருந்தான், கடைச் சோறு யாருக்கும் உடம்பில் ஒட்டுவதில்லை. கதவுக்குப் பின்னால் மங்கையக்கா நிற்பது முந்தானை நுனியில் தெரிந்தது. வேலிக்கு அப்பால் இரண்டு பெண்கள் காயாத உடுப்பை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் காட்சியைப் போட்டுக் காட்டி, என் தொழில் திறமை முழுவதையும் இறக்கினேன். கஞ்சி சுட்டதையும் நாக்கு வெந்ததையும் சொன்னேன். அது போதாது என்று ஏறாவூர்ப் பெரியவரின் தாய்க்குச் சமத்தையும் சேர்த்தேன். கம்பஸின் குறியீட்டையும் கொஞ்சம் தூவினேன். ஆகவே தம்பி, நீங்கள் நினைக்கிற மாதிரி அந்தக் காட்சியில் ஒன்றுமே இல்லை என்று முடித்தேன். ஜெயந்தன் முழுவதையும் மரியாதையாகக் கேட்டான். 'முடிஞ்சுதா அண்ணன்?' என்றான். முடிந்தது என்றேன்.

'நான் பிழையா ஒண்டும் நினைக்கல்ல. மாமியப் பத்தி அப்பிடி நினைக்க எனக்கென்ன விசரா?' அவன் திரையைப் பார்த்தபடியே சொன்னான். 'போன மாரிக்குள்ள எனக்கு டெங்கு வந்து இதே விறாந்தையில கிடந்தன். மாமி அந்தக் கதவுக்குப் பின்னால நிண்டு, அவருக்குக் கஞ்சி குடு புள்ள, அவருக்குக் கஞ்சி குடு புள்ள எண்டு பகல் முழுக்கச் சொல்லிக்கிட்டு நிண்டா. நான் குறை சொல்லல்ல, வழமை அதுதான். ஆனா இவன் ஆர் அண்ணன்? ஒரு பஸ் கண்டக்டர். இவனுக்கு வெளிய வந்து, பக்கத்தில குந்தி, ஊதிக் குடுக்கிறா. ஊதி! எனக்கு அம்மா இருக்கக்குள்ளயும் ஆரும் ஊதித் தந்ததா ஞாபகமில்ல. இதப் போய் நான் ஆருக்கிட்டச் சொல்ற? வெக்கம் கெட்ட கதையா இது?'

தர்சினி வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை சபையில் இத்தனை பேர், இப்படி ஒரு கோணம் இருப்பதை ஒருவரும் சொல்லவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்த முந்தானை நுனி மறைந்தது. உள்ளே சட்டி மூடி திறக்கும் சத்தம், அகப்பை தட்டும் சத்தம். அழுகிறாவோ என்று எட்டிப் பார்க்க எழும்பினேன். அதற்குள் மங்கையக்கா வெளியே வந்துவிட்டா. படத்தில் தயங்கினது போலக்கூடத் தயங்கவில்லை. தலையில் முந்தானை, கையில் ஆவி பறக்கிற சோற்றுக் கோப்பை. நேரே மருமகனுக்கு முன்னால் வந்து நின்று, முதல்தடவையாக அவனுடைய முகத்தைப் பார்த்து, 'சுடுகுது மகன். ஊதித் தரட்டா?' என்று கேட்டா.

வேலிக்கு அப்பால் உடுப்பு எடுத்த கைகள் அப்படியே நின்றன. ஜெயந்தன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினான். காது சிவந்து, எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் சுற்றும் முற்றும் பார்த்து, கடைசியில் மங்கையக்கா விட்டுவிட்டு வந்த அதே கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். அங்கிருந்து கையை மட்டும் நீட்டிக் கோப்பையை வாங்கினான். அவன் சாப்பிடும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. மங்கையக்கா விறாந்தையில் நின்று அழுதுகொண்டே சிரித்தா. கதவுக்குப் பின்னாலிருந்து, வாய் நிறையச் சோற்றோடு அவன் சொன்னான்:

"தர்சினி, மாமிய உள்ளுக்கு வரச் சொல்லு, நான் இனி வீட்டிலதான் தின்னுறன் எண்டும் சொல்லு, எனக்கு வெக்கமாக் கிடக்கு!"

அன்றிலிருந்து யாராவது ஒரு காட்சிக்கு அர்த்தம் கேட்டால், மைக்கைப் பிடிப்பதற்கு முன் அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தாரா என்று விசாரித்துக்கொள்கிறேன்.